எடுக்கக் கூடாத பொம்மை

சாவி எங்கிட்டதான் இருக்குது. வாங்க, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விடுங்க, யாரும் எடுத்துட மாட்டாங்க. எதிர் வீட்டு ஓனர் மெட்ராஸ்ல இருக்காரு. வீடு பாக்க யாரு வந்தாலும் எங்கிட்டதான் சாவி வாங்கணும். அதுக்கும் இந்தத் தெருவுல ஒரு பொருமல். "வீட்டைப் பாத்துட்டு நேரா கிளம்பிடும்மா, அந்தம்மாகிட்ட உக்காந்து பேச்சுக் குடுக்காத"ன்னு முனைக்கடை சம்பூரணம் சொல்லியிருப்பாளே? சொன்னாளா இல்லையா? பரவால்ல, நீங்க சிரிக்கிறதுலயே தெரியுது. அவ சொல்லுவா. சொல்லலைன்னா அவளுக்கு ராத்திரி சோறு இறங்காது.

உக்காருங்கம்மா. வீடு எங்கயும் ஓடிடாது. காபி போடுறேன், அஞ்சு நிமிஷம். சர்க்கரை கம்மியா? சரி.

என் பேரு அமிர்தவல்லி. தெருவுல பொம்மைக்காரம்மான்னு சொல்லுவாங்க. முன்னெல்லாம் அதை மரியாதையா சொன்னாங்க. இப்ப எப்படிச் சொல்றாங்கன்னு நீங்களே கேட்டுட்டுத்தான் வந்திருப்பீங்க.

நானே சொல்லிடுறேன். அந்த வீட்ல தண்ணிக் கஷ்டம் கிடையாது. காத்து நல்லா வரும். பேய் பிசாசுன்னு ஒண்ணும் இல்ல. அப்புறம் ஏன் முன்ன குடியிருந்த தில்லைக்கரசி குடும்பம் காலி பண்ணிட்டுப் போச்சுன்னு கேப்பீங்க. அந்த பொம்மைக்காரம்மாவாலதான்னு தெருவே சொல்லும். நடுவுல ஒரு மெடிக்கல் ரெப்பு பையன் குடி வந்தான், அவன் காலையில போனா ராத்திரி வருவான், அவனுக்கு இதெல்லாம் யாரு சொல்லப்போறாங்க. உங்களுக்குச் சொல்லுவாங்க. பொம்பளைங்கன்னா வந்து உக்காந்து விலாவாரியா சொல்லுவாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடுறேன். அப்புறம் நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணேன்னு.

கொலு தெரியுமில்ல உங்களுக்கு? உங்க அம்மா வீட்ல வைப்பாங்களா? அப்ப சொல்லவே வேணாம். எல்லார் வீட்லயும் என்ன இருக்கும்? தசாவதாரம், செட்டியார் மளிகைக் கடை, கல்யாண செட்டு. எல்லாம் அச்சுல அழுத்தி எடுத்தது. பத்து வீட்டுக்குப் போனாலும் அதே செட்டியார், அதே தொப்பை. எங்க வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு. காஞ்சிபுரத்துல பொம்மைக்கா பஞ்சம், வாங்கி வாங்கி அடுக்கிட்டு இருந்தேன்.

ஒரு வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்டு, இதோ இந்த ஜன்னலாண்ட என்னை உக்கார வெச்சுட்டாங்க. டிவியை எத்தனை நேரம் பாப்பீங்க? தெருவைப் பாக்க ஆரம்பிச்சேன். பாக்குறதுன்னா என்னன்னு அப்பத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது. காக்கா கருப்புன்னு சொல்றோமே, அது எங்க கருப்பு? கழுத்துல சாம்பல். முதுகுல வெயில் பட்டா ஒரு நீலம் ஓடும். ஈரப் புடவை கொடியில தொங்குறது வேற, காஞ்சப்புறம் தொங்குறது வேற. மாடு படுக்கும்போது முன்னங்காலைத்தான் முதல்ல மடக்கும். கரண்டு கம்பி நேராவே போகாது, கம்பத்துக்குக் கம்பம் தொய்ஞ்சு தொய்ஞ்சுதான் போகும். நாற்பது வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன், எதையுமே பாத்ததில்லையேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

உக்காந்த எடத்துலயே பழைய பேப்பரை ஊறவெச்சு, வெந்தயத்தை அரைச்சுச் சேத்துப் பிசைஞ்சேன். முதல்ல ஒரு காக்கா பண்ணேன். கோழி மாதிரி வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, "குழம்பு வைக்கலாமா?"ன்னாரு. தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் பண்ணேன். காக்கா உக்காரும்போது எடை எந்தக் கால்ல நிக்குதுன்னு பாத்துப் பாத்து, கடைசியில வந்துடுச்சு. அந்த நவராத்திரிக்கு கொலுப் படி பக்கத்துல, தரையில, எங்க தெருவையே வெச்சேன். சாஞ்ச கம்பம், குழாயடியில கலர் கலரா குடம், காது கிழிஞ்ச நாய், குப்பைத்தொட்டிக்குள்ள தலையை விட்ட மாடு. கறுப்பு நூலைக் கஞ்சியில நனைச்சுத் தொய்வா காயவெச்சு கரண்டு கம்பி. காலி மனைக்குக் கேழ்வரகு முளைக்க வெச்சு புல்லு.

தெரு என்ன ஆச்சு தெரியுமா? பைத்தியம் புடிச்சுப்போச்சு! "ஐயோ எங்க வீட்டு கேட்டு", "எங்க மாடியில காயுற வடகம்"னு ஒருத்தியை ஒருத்தி இடிச்சுக்கிட்டு பாத்தாங்க. மறு வருஷத்துலருந்து, "என்னை எப்பக்கா வைப்பீங்க?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இதே சம்பூரணம்! கேளுங்க, இதே சம்பூரணம் எனக்கு ஓசியில கற்கண்டு குடுத்து, "கடையில நான் உக்காந்திருக்கிற மாதிரி ஒண்ணு பண்ணுக்கா"ன்னா. பண்ணேன். அவ இடுப்பு எப்படி இருக்குதோ அப்படிப் பண்ணேன். மூணு மாசம் பேசல. நான் என்ன பண்ணுவேன்? நான் பாக்குறதத்தான் பண்ணுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அப்படி இல்லன்னா கடையில போய் அச்சு பொம்மை வாங்கி வெச்சுட்டுப் போயிடலாமே, எனக்கு எதுக்கு இந்த வேலை?

காபி ஆறுது, குடிங்க.

தில்லைக்கரசி அப்படி இல்ல. அவ என் கூடவே இருந்தவ. நீங்க பாக்க வந்திருக்கிற வீட்லதான் பன்னெண்டு வருஷம் இருந்தா. கேழ்வரகு முளைக்கட்டுறது அவ, பேப்பர் கூழை மிக்ஸியில அரைக்கறது அவ. என் மிக்ஸி கூழ் நாத்தம் அடிச்சா எங்க வீட்டுக்காரர் கத்துவாருன்னு அவ மிக்ஸியிலயே அரைச்சுக் குடுப்பா. சாயங்காலம் ஆனா அந்த வாசல்லருந்து, "அக்கா, காபி ஆச்சா?"ன்னு ஒரு குரல். நல்ல குரல் அவளுக்கு. கொலுவுக்கு வந்தா அவதான் பாடுவா. அவ பாடினதுக்கு அப்புறம் வேற யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

அவ வீட்டுக்காரர் குணசீலன். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில சூப்பர்வைசர். காலையில இஸ்திரி போட்ட சட்டை, பச்சைத் துணிப்பையில டிபன் கேரியர். வாசல்ல நின்னு வாட்சைப் பாத்துட்டுத்தான் கிளம்புவாரு. மனுஷன் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல.

முந்தா வருஷம் ஒரு ஆசை வந்துச்சு எனக்கு. தெருவையே எத்தனை வருஷம் வைக்கிறது, நம்ம கோயில் குளத்தையும் சேத்து வைக்கலாம்னு. குளம்னா எல்லாரும் என்ன பண்ணுவாங்க? கண்ணாடியைப் போட்டு, சுத்தி மண்ணைப் போட்டு, பிளாஸ்டிக் வாத்தை விட்டுடுவாங்க. நம்ம குளம் எப்பம்மா கண்ணாடி மாதிரி இருந்துச்சு? பாசி. அந்தப் பாசியிலயும் ஓரத்துல ஒரு பச்சை, நடுவுல ஒரு பச்சை. அதைப் பாக்கறதுக்குன்னே தினமும் காலையில சமையலை முடிச்சுட்டு குளத்துக்குப் போவேன். முருங்கை இலையைக் காயவெச்சுப் பொடிச்சு, மேல கண்ணாடித் தகட்டைப் போட்டுப் பாத்தேன். ஒரு நாள் அப்படியே நம்ம குளம் வந்துடுச்சு! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சும்மா.

அப்படிப் போகும்போதுதான் அவரைப் பாத்தேன். குணசீலனை. மேற்குப் படியில, அரசமரத்து நிழல்ல உக்காந்திருந்தாரு. இஸ்திரி சட்டை, பக்கத்துல பச்சைப் பை. பொரி வாங்கி ஒவ்வொண்ணா மீனுக்குப் போட்டுட்டு இருந்தாரு. மறுநாளும் இருந்தாரு. அடுத்த வாரமும் இருந்தாரு.

ஏன் உக்காந்திருக்காருன்னு கேட்டிருக்கலாமேன்னு இப்ப எல்லாரும் கேக்குறாங்க. ஏன் கேக்கணும்? அவரு பெரிய மனுஷன், குளத்தங்கரையில உக்காருறாரு. லீவா இருக்கும், ஷிப்டு மாறியிருக்கும், எனக்கென்ன வந்துச்சு? எனக்கு வேண்டியது அந்த உக்காந்திருக்கிற தோரணை. எத்தனை பேரை உக்காந்த வாக்குல பண்ணியிருக்கேன், இப்படி ஒரு முதுகை நான் பாத்ததே இல்ல. வலது தோளு சரியா இருக்குது, எடது தோளு மட்டும் அரை விரக்கடை கீழ இறங்கியிருக்குது. கழுத்து முன்னாடி வந்து நிக்குது. ஒரு காலு மடக்கி, ஒரு காலு கீழ்ப்படியில. கை பொரியைப் போடுது, கண்ணு மீனைப் பாக்கவே இல்ல. இதையெல்லாம் மனசுல வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து பண்ணுவேன். தோளு வராது. மறுநாள் திரும்பப் போவேன்.

பக்கத்துல போய்ப் பேசியிருந்தா என்ன ஆகும் சொல்லுங்க? ஆளு நிமிந்து உக்காந்துடுவாரு. தோளு போயிடும்.

ஒரே ஒரு நாள் என்னைப் பாத்துட்டாரு. நான் தூணாண்ட நின்னுட்டு இருந்தேன். என்னைப் பாத்துட்டு, தலையை இப்படி, வேணாம் வேணாம்ங்கிற மாதிரி ஆட்டினாரு. மீன் கலைஞ்சுடும், பேச்சுக் குடுக்காதீங்கன்னு சொல்றாரு போலன்னு நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். அன்னைக்குத்தான் தோளு கையில வந்துச்சு. விரல் நீளம்தான் இருக்கும் அந்த பொம்மை. மூஞ்சியைக்கூட சரியாப் பண்ணல, குனிஞ்சிருக்கிற தலைதானே. ஆனா பாத்தா அவருதான். நான் இதுவரைக்கும் பண்ணதுலயே அதுதாம்மா பொம்மை. மத்ததெல்லாம் விளையாட்டு.

நவராத்திரி வந்துச்சு. முத நாள் தில்லைக்கு ஏதோ வேலை, வரல. ரெண்டாம் நாள் சாயங்காலம் வந்தா. நல்ல அரக்குப் புடவை, தலை நிறைய பூ. சம்பூரணம் இருந்தா, பின் தெரு பொம்பளைங்க இருந்தாங்க, கூடம் நிறைஞ்சிருந்துச்சு. "பாடு தில்லை"ன்னேன். கொலுவைப் பாத்து உக்காந்து அம்மன் மேல ஒரு பாட்டை எடுத்தா. கண்ணைத் திறந்து வெச்சுட்டேதான் பாடுவா. படியைப் பாத்தா, தெருவைப் பாத்தா, அவ வீட்டு வாசல்ல நான் வெச்சிருந்த துளசிச் செடியைப் பாத்துச் சிரிச்சா. அப்புறம் குளத்தைப் பாத்தா.

பாட்டு நின்னுடுச்சு.

தொண்டை கட்டிக்கிச்சு போலன்னு நான் தண்ணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தா எல்லாரும் அவ பாக்குற எடத்தைக் குனிஞ்சு பாத்துட்டு இருக்காங்க. இந்த சம்பூரணம்தான் வாயைத் திறந்தா. நான் இல்ல! "ஏன் தில்லை, அது உங்க வீட்டுக்காரர் பைதானே? அவரு வேலைக்குப் போகாம குளத்துல என்ன பண்றாரு?" இதைக் கேட்டது அவ. சத்தமா, அத்தனை பேர் முன்னாடி. கேட்டவ இன்னைக்குக் கடையில உக்காந்துக்கிட்டு நல்லவளாயிட்டா. பொம்மை பண்ணவ பாவி.

தில்லை விட்ட எடத்துலருந்து பாட்டை எடுத்து கடைசி வரைக்கும் பாடி முடிச்சா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஆஹா, பொம்மையைப் பாத்து உருகிப்போயிட்டா, அதான் குரல் நடுங்குதுன்னு நினைச்சேன்.

அந்தக் கம்பெனியில ஆடி மாசமே ஆளைக் குறைச்சிட்டாங்களாம். இவரு வீட்ல சொல்லாம, தினமும் டிபன் கேரியரோட கிளம்பி குளத்துல உக்காந்துட்டு சாயங்காலம் வந்திருக்காரு. வேற வேலை கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தாராம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு யாரு சொன்னா? கட்டின பொண்டாட்டிக்கே தெரியல, எனக்குத் தெரியணுமாம்!

அன்னைக்கு வெத்தலை பாக்கு வாங்கிக்கும்போது தில்லை என் கையைப் புடிச்சா. சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போனா. "அக்கா, அந்தப் பொம்மையை எடுத்துடுங்கக்கா."

"எதை?"

"குளத்தாண்ட இருக்கிறதை. இப்பவே எடுத்துடுங்க. நாளைக்கு இன்னும் பேர் வருவாங்க."

நீங்க சொல்லுங்கம்மா, உங்க வீட்லயும் கொலு வைக்கிறீங்க. வெச்ச பொம்மையை நடுவுல எடுப்பாங்களா? விஜயதசமி அன்னைக்கு சாயங்காலம் ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையைப் படுக்க வெச்சப்புறம்தானே கையே வைக்கணும்? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைத்தான் சொன்னேன். "வெச்சதை நடுவுல எடுத்தா வீட்டுக்கே ஆகாது தில்லை, உனக்குத் தெரியாததா?"

அவ என்னையே பாத்தா. "எந்த வீட்டுக்குக்கா ஆகாது?"ன்னா.

இது ஒரு கேள்வியா? கொலு வெச்ச வீட்டுக்குத்தான். அப்படித்தான் சொன்னேன். அவ சுண்டல் பொட்டலத்தை அந்த மேடையிலயே வெச்சுட்டுப் போயிட்டா.

மறுநாள்லருந்து பாருங்க, கூட்டம்னா கூட்டம்! பெருமாள் கோயில் தெருவுலருந்து வராங்க, நான் மூஞ்சியே பாத்திருக்காத பொம்பளைங்க வராங்க. நேரா குளத்தாண்டதான் போய் உக்காருவாங்க. உத்து உத்துப் பாப்பாங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இத்தனை வருஷத்துல இப்பத்தான்டா என் கை வேலையை உக்காந்து பாக்குறாங்கன்னு இருந்துச்சு. ரெண்டு தடவை சுண்டல் வேகவெச்சேன். குப்பைத்தொட்டியாண்ட இருந்த மாடு குளத்தை மறைக்குதுன்னு சொன்னாங்க, அதை மட்டும் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வெச்சேன்.

என்ன பாக்குறீங்க? அது வேறம்மா. மாட்டை நகத்தினேன், எடுக்கல. நகத்துறது வேற, எடுக்கறது வேற.

இன்னொண்ணு சொல்றேன், அதான் எனக்கு வயித்தெரிச்சல். அந்த பொம்பளைங்கள்ல ஒருத்தி, ஒரே ஒருத்தி, "இதை எடுத்துடுங்க அமிர்தவல்லி, பாவம்"னு எங்கிட்ட சொன்னாளா? சொல்லல! வரதும் பாக்குறதும் குசுகுசுன்னு பேசறதும் சுண்டலை வாங்கி முந்தானையில முடியறதும். கொலு முடிஞ்ச மறுநாளே அத்தனை பேரும் உத்தமி ஆயிட்டாங்க. "ஒரு குடும்பத்தை சந்தி சிரிக்க வெச்சுட்டா"ன்னு என்னைச் சொல்றாங்க. சந்தின்னா யாரு? இவங்கதானே சந்தி? இவங்கதானே சிரிச்சது? நான் சிரிச்சேனா? அந்த முதுகைப் பண்ணும்போது நான் ஒரு நாளும் சிரிக்கலம்மா. பண்ணப் பண்ண எனக்கே முதுகு வலிச்சுது.

எங்க வீட்டுக்காரர் இருக்காரே, அவரும் அந்தக் கட்சிதான். "குணசீலன் தினமும் அங்க உக்காந்திருக்காருன்னு எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் போய்ப் பேசியிருப்பேனே"ன்னாரு. சொல்றதுக்கு என்ன இருக்குது? நான் பாத்தது தோளை. தோளைப் பத்தி இவருகிட்ட என்ன சொல்றது? அன்னைக்கு "குழம்பு வைக்கலாமா"ன்னு கேட்டவருதானே.

ஆனா ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டாரு. அதையும் கேட்டுக்கோங்க, இதை சம்பூரணம் உங்ககிட்ட சொல்ல மாட்டா, அவளுக்குத் தெரியாது.

சரஸ்வதி பூஜை அன்னைக்கு மத்தியானம். கூட்டமில்லாத நேரம், நான் தனியா இருக்கேன். வாசல்ல நிழல் ஆடுது. பாத்தா குணசீலன். ஆம்பளைங்க தனியா கொலு பாக்க வரதில்லையே, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "வரலாங்களாக்கா?"ன்னாரு. வாங்கன்னேன். அன்னைக்கு இஸ்திரி சட்டை இல்ல, வீட்ல போடுற பனியன் மேல ஒரு துண்டு. நேரா போய் குளத்துக்கு முன்னாடி தரையில உக்காந்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அவரு அதைப் பாக்குறாரு, நான் பின்னாலருந்து அவரைப் பாக்குறேன். அதே எடது தோளு. நான் பண்ணது சரிதான்னு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

அப்புறம் திரும்பாமயே கேட்டாரு. "அக்கா, என் முதுகு இப்படித்தான் இருக்குதா?"

"ஆமாங்க. கொஞ்சம்கூட மாத்தல"ன்னேன்.

"நமக்கு நம்ம முதுகு தெரியாதில்லீங்க"ன்னாரு. நல்லா பாத்திருக்கீங்கன்னாரு. சுண்டல் குடுத்தேன், ஒண்ணு விடாம சாப்பிட்டாரு. இலையை நாலா மடிச்சு, எங்க போடட்டும்னு கேட்டுப் போட்டாரு. போகும்போது ஒரு கும்புடு போட்டாரு. நாற்பது வருஷத் தெரு, எத்தனை கொலு, எத்தனை ஆஹா ஓஹோ. ஒருத்தராவது அப்படி என் பொம்மைக்கு முன்னாடி உக்காந்தாங்களா? சண்டை போட வந்தவரா அவரு? அவரே ஒண்ணும் சொல்லல. இவங்களுக்கு என்ன வந்துச்சு?

விஜயதசமி முடிஞ்சு பொம்மையை எடுத்து அவ கிட்டயே குடுத்துடலாம்னு பஞ்சு சுத்திக்கிட்டுப் போனேன். தில்லை கதவைத் திறந்தா. வாங்கல. "உங்க வீட்லயே இருக்கட்டுங்கக்கா, நடுவுல எடுத்தா ஆகாது"ன்னா. அவ்வளவுதான், கதவைச் சாத்திட்டா. தீபாவளிக்கு முன்னாடி அரக்கோணத்துல அவ தங்கச்சி வீட்டாண்ட போயிட்டாங்க. சாமான் ஏத்துற வண்டி வந்தப்போ நான் வாசல்லயே நின்னேன். ஒரு வார்த்தை பேசுவான்னு நின்னேன். மிக்ஸியை மட்டும் மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல ஏறி உக்காந்தா. திரும்பல.

அவரு அங்க ஹார்டுவேர்ஸ் கடையில இருக்காராம். அவ அந்தத் தெருப் பொண்ணுங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்குறாளாம். எங்க வீட்டுக்காரர் போய்ப் பாத்துட்டு வராரு. என்னைக் கூப்பிடுறதில்ல. கேட்டா, "நல்லாத்தான் இருக்காங்க"ன்னு அதோட நிறுத்திக்குவாரு. என்னைப் பத்திக் கேட்டாளான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டிருந்தா அவரே சொல்லுவாரில்ல?

போன வருஷமும் கொலு வெச்சேன். ஏன் வைக்காம இருக்கணும்? வாசல் தெளிச்சு, வெத்தலை பாக்கு தட்டு எடுத்து வெச்சு, பட்டுப் புடவை கட்டிக்கிட்டு இதே நாற்காலியில உக்காந்திருந்தேன். ஒருத்தி வரல. ஒன்பது நாளும் வரல. அடுத்த வீட்டுக்கு வந்தவங்க, எங்க வாசலைத் தாண்டும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வேகமா போறாங்க, சேறு கிடக்குற எடத்தைத் தாண்டுற மாதிரி. அதையும் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன். எந்தக் கையில தூக்குறாங்கன்னுகூட எனக்குத் தெரியும். சுண்டலை இஸ்திரிக்காரருக்குக் குடுத்தேன். அவருக்கும் ஒரு அளவு இருக்குதில்ல. மிச்சத்தைக் குழி தோண்டிப் பொதைச்சேன். பிரசாதம்மா அது. பாவம் யாருக்கு? எனக்கா, வராதவங்களுக்கா?

அழல. புகை. அடுப்புல ஏதோ இருக்குது.

சரி, கேட்டுட்டீங்க. இப்ப வாங்க, இந்த உள் ரூமுக்கு வாங்க. வீட்டை அப்புறம் பாக்கலாம், இதைப் பாத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் நவராத்திரி. யாருக்கும் இன்னும் காட்டல. காட்டறதுக்கு யாரு இருக்கா. அந்தத் துணியை நீங்களே விலக்குங்க, மெதுவா.

தெருதான். நீங்க நடந்து வந்த தெருவேதான். மாடு இல்ல, நாய் இல்ல, குழாயடியில ஆளே இல்ல. நல்லா பாருங்க. எல்லா வீட்டுக் கதவையும் சாத்தி வெச்சிருக்கேன். ஒவ்வொரு கதவும் அந்தந்த வீட்டுக் கதவுதான், பிசகே கிடையாது. காலையில நான் கோலம் போட வெளிய வந்தா ஒவ்வொண்ணா சாத்திக்குவாங்க. மூடின கதவைத்தான் தினமும் பாக்குறேன், அதைத்தான் பண்ணியிருக்கேன். எங்கிட்டேருந்து எதையும் மறைக்கணும்னு இனிமே யாரும் பயப்பட வேணாம். வந்து பாக்கட்டும். அவங்க லட்சணத்தை அவங்களே பாத்துக்கட்டும்!

அது எதுன்னு கேக்குறீங்களா? அதான் எதிர் வீடு. நீங்க வரப்போற வீடு. அதுக்கு மட்டும் இன்னும் கதவு ஒட்டல, பிசின் கையிலதான் இருக்குது. இந்தாங்க சாவி. போய் வீட்டைப் பாருங்க, நிதானமா பாருங்க, மாடியையும் பாருங்க. நான் ஜன்னலாண்ட நிக்க மாட்டேன். பாத்துட்டு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. அந்தக் கதவை எப்படி ஒட்டட்டும்?